ஈர மணலில் தெரியும் குத்தின் எடை: குத்துச்சண்டை பழகத் தொடங்குபவர்களுக்கு

குத்துச்சண்டை பழக வரும் பையன் தன் கையைப் பார்த்துக்கொண்டே குத்துவான். சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர் அவன் காலைப் பார்த்துக்கொண்டிருப்பார். தோளிலிருந்து விரல்நுனி வரை ஒரு கையின் எடை, மொத்த உடல் எடையில் சுமார் 5 சதவீதம்தான். 60 கிலோ ஆளுக்கு 3 கிலோ. கையை மட்டும் வீசினால் எதிராளிமேல் போய் விழுவது அந்த 3 கிலோ. மீதி 57 கிலோவில் எவ்வளவு அந்தக் கைக்குப் பின்னால் வந்து சேருகிறது என்பதைப் பொறுத்துத்தான் அடியின் கனம். உடம்பின் எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றி, அந்த அசைவைக் கைக்குக் கடத்துவதைத்தான் எடை மாற்றம் என்கிறோம். ஜாப் (முன்னால் இருக்கும் கையால் போடும் நேர்க்குத்து), கிராஸ் (பின்னால் இருக்கும் கையால் போடும் நேர்க்குத்து), ஹூக் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து), அப்பர்கட் (கீழிருந்து மேலேறும் குத்து) எல்லாமே இந்த ஒன்றின் வெவ்வேறு வடிவங்கள்.

1985-இல் வெளிவந்த சோவியத் ஆய்வு ஒன்று, பின்கைக் குத்தின் விசையில் கால், உடல், கை ஒவ்வொன்றின் பங்கும் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தது. தேர்ந்த வீரர்களுக்குக் காலின் பங்கு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். கீழ்நிலை வீரர்களுக்கு ஆறில் ஒரு பங்குதான். புதியவர்கள் தோளிலும் கையிலும் அதிகம் பாடுபட்டும் அடி லேசாக விழுவதற்குக் காரணம் இதுதான்.

இராமநாதபுரம் கடற்கரையோரம் பழகுபவர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. ரிங்கின் கான்வாஸும் சிமெண்ட் தரையும் கால் எவ்வளவு அழுத்தியது என்று காட்டாது. நீர் வற்றிய ஈர மணல் காட்டும். எந்தக் காலில் எவ்வளவு எடை இருந்தது, பாதத்தின் எந்தப் பகுதி தள்ளியது, உடம்பு எந்தப் பக்கம் சரிந்தது எல்லாம் தடத்தில் பதிந்திருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தால், மாஸ்டர் பக்கத்தில் இல்லாத நாளிலும் பாதித் தவறுகளை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் நிற்பது

வலது கைப் பழக்கமுள்ளவர் இடது காலை முன்னால் வைப்பார். இதற்கு ஆர்த்தடாக்ஸ் என்று பெயர். இடது கைக்காரர் வலது காலை முன்னால் வைப்பார், அது சவுத்பா. இங்கே எல்லாவற்றையும் ஆர்த்தடாக்ஸ் நிலைக்கே சொல்கிறோம். இடது கைக்காரர்கள் இடம் வலம் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

மணலில் எதிராளி இருக்கும் திசையை நோக்கி நேராக ஒரு கோடு போடுங்கள். முன்னங்காலின் பெருவிரல் அந்தக் கோட்டை இடப்பக்கமிருந்து தொட வேண்டும். பின்னங்காலின் குதிகால் வலப்பக்கமிருந்து தொட வேண்டும். இரண்டுக்கும் இடையே தோள் அகலமும் அதற்குமேல் கொஞ்சமும் இருக்கட்டும். முன்பாதம் சற்று உள்நோக்கியும் பின்பாதம் சுமார் 45 பாகை வலப்பக்கம் திரும்பியும் இருக்கும். பின்குதிகால் தரையிலிருந்து இரண்டு விரல் கனம் தூக்கியிருக்கும். இரண்டு முழங்காலும் பூட்டாமல் லேசாக மடங்கியிருக்க வேண்டும். இரண்டு பாதமும் ஒரே கோட்டின் மேல் முன்பின்னாக நின்றால் பக்கவாட்டில் தள்ளியதும் சாய்ந்துவிடுவீர்கள். அக்கம்பக்கமாக நின்றால் ஒரு நேர் ஜாப் போதும், பின்னால் போய் உட்காருவீர்கள். கோட்டின் இரு பக்கமும் கால் இருப்பது இந்த இரண்டுக்கும் காப்பு.

எடை எந்தக் காலில்? பயிற்சியாளர்களுக்குள் இதில் ஒரே கருத்து இல்லை. பின்னங்காலில் 60, முன்னங்காலில் 40 என்பார்கள் சிலர். அப்படி நின்றால் பின்வாங்கவும் எதிரடி கொடுக்கவும் வசதி. முன்னேறி அடிப்பவர்கள் எடையை முன்னால் வைத்திருப்பார்கள். புதிதாகப் பழகுபவர் இரண்டிலும் சமமாக வைத்துத் தொடங்குவதே சரி. ஏனென்றால் எந்தப் பக்கம் எடை போனாலும் சமநிலையிலிருந்து எவ்வளவு தூரம் போனோம் என்று உடம்புக்குத் தெரிந்துவிடும். எடை பார்க்கும் மெஷின் இரண்டு கிடைத்தால் ஒவ்வொரு காலுக்கும் ஒன்று வைத்து நின்று பாருங்கள். 60 கிலோ ஆளுக்கு 30, 30 காட்ட வேண்டும். மெதுவாக எடையை முன்னால் நகர்த்தி 40, 20 ஆக்குங்கள். திரும்ப 30, 30-க்கு வாருங்கள். தலை உயரம் மாறாமல், முதுகு வளையாமல் இதைச் செய்ய முடிகிறதா என்பதுதான் முதல் பாடம். மெஷின்மேல் நின்று குத்தாதீர்கள், அது வழுக்கும்.

நிற்கும்போது உடம்பின் எடை மையம் ஏறத்தாழ தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. அங்கிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் என்ன குத்து குத்தினாலும் அந்தக் குண்டு இரண்டு பாதங்களுக்கும் நடுவிலேயே அசைய வேண்டும். முன்பாதத்தைத் தாண்டி வெளியே போய்விட்டால் அது குத்து இல்லை, விழுதல். எதிராளி சும்மா ஒதுங்கினாலே போதும்.

தரையிலிருந்து கைமுட்டிவரை

கரைவலை இழுப்பவர்களைக் கவனித்தால் குத்தின் விசை எங்கிருந்து வருகிறது என்பது சட்டென்று விளங்கும். கயிற்றைப் பிடித்திருப்பது கை, இழுப்பது கால். பாதம் மணலை முன்னோக்கி மிதித்துத் தள்ளுகிறது, மணல் உடம்பைப் பின்னோக்கித் தள்ளுகிறது, அந்தத் தள்ளல் இடுப்பு வழியாகக் கயிற்றுக்குப் போகிறது. கையை மட்டும் மடக்கி இழுத்தால் வலை ஓர் அடிகூட நகராது. குத்தில் இதே வேலை எதிர்த்திசையில் நடக்கிறது. பின்னங்கால் தரையைப் பின்னோக்கி மிதிக்கிறது. தரை உடம்பை முன்னோக்கித் தள்ளுகிறது. முழங்கால், இடுப்பு, மார்பு, தோள், முழங்கை, முட்டி என்று அது ஒவ்வொன்றாக மேலேறிப் போகிறது.

இந்த வரிசைதான் உயிர். இடுப்பு திரும்பத் தொடங்கிய பிறகு தோள் புறப்பட வேண்டும். தோள் போன பிறகு கை. கை முந்திக்கொண்டால், பின்னால் கால் என்னதான் மிதித்தாலும் அந்த விசை கைக்குப் போய்ச் சேராது. இந்த வரிசை நடக்கக் கை தளர்வாக இருக்க வேண்டும். முட்டியை முதலிலிருந்தே இறுக்கிப் பிடித்தால் முன்கை, புஜம், தோள் எல்லாம் சேர்ந்து இறுகி, கையை நீட்டும் தசையை மடக்கும் தசையே பிடித்து நிறுத்தும். படும் அந்தக் கணத்தில் மட்டும் முட்டியை இறுக்க வேண்டும். அப்போது மணிக்கட்டிலிருந்து தோள்வரை எல்லாம் ஒன்றாக விறைத்து, பின்னால் உள்ள எடை அடியோடு சேர்ந்துகொள்ளும்.

கடல் தொழில் பார்க்கும் இளைஞர்கள் பழக வரும்போது ஒன்றைக் கவனிக்கலாம். படகில் நின்று பழகிய காலில் சமநிலை இயல்பாகவே இருக்கும், முழங்கால் விறைக்காது. அது பெரிய மூலதனம். ஆனால் அகலமாகக் கால் பரப்பி, இரண்டு குதிகாலும் தரையில் படிய நிற்கும் பழக்கமும் கூடவே வரும். கயிறு பிடித்த கை இறுகியே இருக்கும். இவர்களுக்குப் பலம் கூட்டும் பயிற்சி ஆரம்பத்தில் தேவையே இல்லை. கால் இடைவெளியைக் குறைப்பதும், பின்குதிகாலைத் தூக்குவதும், கையைத் தளர்த்துவதும்தான் முதல் வேலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இதற்கு நல்ல அவகாசம்.

கிராஸ்: எடை மாற்றத்தின் முழுப் பாடம்

மாஸ்டர் "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணினால் ஒண்ணு ஜாப், ரெண்டு கிராஸ். பழக்கத்தில் ஜாப்தான் முதலில் வரும். ஆனால் எடை எப்படி நகர்கிறது என்று புரிந்துகொள்ளக் கிராஸ்தான் தெளிவானது. எனவே அதை முதலில் பார்ப்போம்.

சமநிலையில் நின்றபடி, பின்பாதத்தில் பெருவிரலுக்குக் கீழே திரண்டிருக்கும் பகுதியால் தரையைக் கீழும் பின்னுமாக அழுத்துங்கள். பின் முழங்கால் உள்நோக்கித் திரும்பும், குதிகால் வெளிநோக்கிச் சுழலும். வலது இடுப்பு முன்னால் வரும், இடது இடுப்பு அதற்கு இடம்விட்டுச் சற்றுப் பின்வாங்கும். மார்பு திரும்பும், தோள் தாடையருகே வரும். அதுவரை விலாவை ஒட்டியிருந்த முழங்கை இப்போதுதான் நேராகப் புறப்படும். கடைசிச் சாண் தூரத்தில் உள்ளங்கை தரையைப் பார்க்கத் திரும்பி, முட்டி இறுகும். கூடவே மூக்கால் அல்லது பற்களின் இடையே 'ஸ்' என்று மூச்சை வெளியே தள்ளுங்கள். மூச்சை அடக்கிக் குத்தினால் உடம்பு முழுக்க இறுகிவிடும், இரண்டாவது சுற்றுக்குள் களைத்துவிடுவீர்கள்.

இதில் பெரும்பாலோர் கவனிக்காத பங்கு முன்னங்காலுடையது. பின்னங்கால் தள்ளியதும் உடம்பு முழுக்க முன்னால் நகர்கிறது. முன்னங்கால் அதைத் தாங்கி நிறுத்துகிறது. இடுப்பு நின்றதும் அதற்கு மேலுள்ள மார்பும் தோளும் கையும் அந்த வேகத்தை வாங்கிக்கொண்டு பறக்கின்றன. முன்னங்கால் தளர்ந்து முழங்கால் மேலும் மடங்கிக்கொண்டே போனால் நிறுத்தல் நடக்காது. எடை மெதுவாக முன்னால் வழியும், அடி தள்ளலாக முடியும். எனவே கிராஸ் முடியும் கணத்தில் முன் முழங்கால் லேசாக மடங்கிய நிலையிலேயே உறுதியாக நிற்க வேண்டும். அது பெருவிரல் நுனியைத் தாண்டக்கூடாது, மூக்கும் தாண்டக்கூடாது. அப்போது எடை முன்னங்காலில் 60 முதல் 65 சதவீதம் இருக்கும். 60 கிலோ ஆளுக்கு 36 முதல் 39 கிலோ. முழுதும் முன்னால் போய்விடக் கூடாது. மீதியை வைத்துத்தான் திரும்ப வருகிறோம்.

திரும்புவதும் குத்தின் பாதி. முன்பாதத்தால் தரையைத் தள்ளி எடையைத் திரும்ப நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இடுப்பு திரும்பும், கை போன அதே நேர்கோட்டில் தாடைக்கு வரும். கையை இறக்கிச் சுற்றிக் கொண்டுவருபவர்களுக்குப் பெரும்பாலும் எடை முன்னாலேயே மாட்டிக்கொண்டிருக்கும். கையை மட்டும் திருத்தினால் அது சரியாகாது.

குதிகாலைப் பற்றி இன்னொன்று. 'குதிகாலைத் திருப்பு' என்று திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகியவர்கள், தரையை அழுத்தாமலே குதிகாலை மட்டும் அழகாகச் சுழற்றுவார்கள். பார்க்கச் சரியாக இருக்கும். அடியில் எதுவும் இருக்காது. குதிகால் திரும்புவது விளைவு, தரையை மிதிப்பது காரணம். காரணத்தை விட்டுவிட்டு விளைவை மட்டும் நடித்துக் காட்டினால் பலனில்லை.

இதற்கு நேர்மாறான தவறு, பின்னங்கால் தரையை விட்டே எழுந்துவிடுவது. தரையைத் தொடாத கால் எதையும் தள்ளாது. குத்துபடும் கணத்தில் பின்பாதம் தரையில் இருந்தே ஆக வேண்டும்.

ஜாப்: அடியெடுத்து வைக்கும் குத்து

ஜாப்பில் இடுப்பு அதிகம் திரும்பாது. எடை வருவது அடியெடுத்து வைப்பதிலிருந்து. பின்னங்கால் தள்ள, முன்பாதம் நாலைந்து அங்குலம் முன்னால் தரையை ஒட்டி நழுவுகிறது. முட்டி இலக்கைத் தொடுவதும் பாதம் தரையைத் தொடுவதும் ஏறத்தாழ ஒரே கணம். முட்டி ஒரு கண்ணிமை முந்தினால் இன்னும் நல்லது. பாதம் முதலில் ஊன்றிவிட்டால் எடை தரைக்குள் இறங்கிவிடும், குத்துக்கு மிஞ்சாது. 1919 முதல் 1926 வரை ஹெவிவெயிட் உலகச் சாம்பியனாக இருந்த ஜாக் டெம்ப்சி, விழுவதுபோல் எடுத்துவைக்கும் இந்தக் காலடியைத்தான் முன்னால் இருக்கும் கையால் போடும் தன் குத்தின் அடிப்படையாகச் சொன்னார்.

முன்னங்கால் எவ்வளவு போனதோ அவ்வளவு பின்னங்காலும் பின்தொடர வேண்டும். இல்லையென்றால் மூன்று ஜாப்பில் கால்கள் பரந்துபோய், நாலாவதாக வரும் கிராஸுக்குத் தள்ள இடமே இருக்காது. அடுத்த பொதுவான தவறு, எட்டவில்லை என்று இடுப்பிலிருந்து முன்னால் குனிவது. தலை முன்னே போகும், எடை பின்னாலேயே நிற்கும். எதற்கும் உதவாத குத்து அது: எட்டவும் எட்டாது, வாங்கவும் நேரும். எட்டவில்லை என்றால் அடி எடுத்து வையுங்கள்.

ஹூக்கும் அப்பர்கட்டும்

முன்னால் இருக்கும் கையால் போடும் ஹூக் எடையை எதிர்த்திசையில் கொண்டுபோகிறது. கிராஸ் முடிந்ததும் எடை முன்னங்காலில் இருக்கிறது அல்லவா, அங்கிருந்து தொடங்குங்கள். முன்பாதம் அழுத்தித் திரும்ப, முன்குதிகால் வெளியே சுழலும், இடது இடுப்பு வலப்பக்கம் திரும்பும். தூக்கியிருந்த பின்குதிகால் தரையில் இறங்கி எடையை வாங்கிக்கொள்ளும். முழங்கை ஏறத்தாழ 90 பாகை மடங்கி, முட்டியின் உயரத்திலேயே இருக்கும். கை உடம்போடு சேர்ந்து வருகிறது, தனியாக வீசப்படுவதில்லை. முழங்கை தாழ்ந்திருந்தால் மணிக்கட்டு மடங்கும். முழங்கை உயர்ந்தால் தோள் மூட்டு வலிக்கும்.

ஹூக்கின்போது எடையை முன்னங்காலிலேயே வைத்திருக்கச் சொல்லும் மாஸ்டர்களும் உண்டு. நெருங்கிய தூரத்தில் அது வேகமாக வரும், எதிராளியைப் பின்தொடரவும் உதவும். ஆனால் தொடக்கத்தில் பின்னால் மாற்றிப் பழகுவதே நல்லது என்பது எங்கள் கருத்து. முன்னால் வைத்துப் பழகும் புதியவர், ஹூக் தவறிப்போனால் தன் முன்னங்காலைச் சுற்றிக்கொண்டு முழுதாகத் திரும்பி, எதிராளிக்கு முதுகைக் காட்டி நிற்பார்.

இங்கே ஒன்று தெரிகிறது. ஒரு குத்து எடையை விட்டுச்செல்லும் இடத்தில்தான் அடுத்த குத்து தொடங்குகிறது. கிராஸ் முன்னால் கொண்டுபோகிறது, ஹூக் பின்னால் கொண்டுவருகிறது, மறுபடி கிராஸ் தயாராகிவிடுகிறது. "ரெண்டு, மூணு, ரெண்டு" (மூணு என்றால் ஹூக்) பல பயிற்சிக்கூடங்களில் சொல்லித்தரப்படுவதற்குக் காரணம் இந்த ஓட்டம்தான். கிராஸுக்குப் பின் உடனே இன்னொரு கிராஸ் போட்டுப் பாருங்கள். இரண்டாவதில் ஒன்றும் இருக்காது, ஏனென்றால் தள்ள வேண்டிய கால் ஏற்கெனவே காலியாகிவிட்டது.

பின்கை அப்பர்கட்டுக்குக் கையை இறக்காதீர்கள், முழங்காலை இறக்குங்கள். நாலு விரற்கடை போதும். எடையைப் பின்னங்காலில் ஏற்றி, அங்கிருந்து மேலும் முன்னுமாகத் தள்ளி, இடுப்பைத் திருப்புங்கள். கை விலாவை ஒட்டி, உள்ளங்கை உங்களைப் பார்த்தபடி மேலேறும். முதுகைப் பின்னால் வளைத்துக் குத்தினால் விசை வானத்துக்குப் போகும், தாடை எதிராளிக்குக் கிடைக்கும். வயிற்றிலும் விலாவிலும் அடிக்கும் எந்தக் குத்துக்கும் இதே விதி: குனிவது இடுப்பில் கிடையாது, முழங்காலில்.

தடத்தைப் படிப்பது

இப்போது மணலுக்கு வருவோம். அலை வந்து போய், தண்ணீர் இறங்கி, மேல்பரப்பு மின்னுவது நின்ற பட்டையைத் தேர்ந்தெடுங்கள். நடந்தால் பாதம் ஒரு நகக்கண் ஆழம் பதிய வேண்டும். கணுக்கால்வரை புதையும் மணல் இதற்கு உதவாது, பதியவே பதியாத கெட்டி மணலும் உதவாது. அரியமான் போன்ற வடகடல் (பாக் விரிகுடா) பக்கக் கரையில் அலை குறைவு, மணலும் தட்டையாக இருக்கும். இந்தப் பயிற்சிக்கு அது தோது. தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் கரை சரிவாக உள்ள இடங்களில், இரண்டு பாதமும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி கரையின் நீளவாக்கில் முகம் வைத்து நில்லுங்கள். கடலைப் பார்த்து நின்றால் முன்னங்கால் தாழ்ந்து, எடை தானாகவே முன்னால் ஓடும். சிப்பி ஓடு, கண்ணாடி, அறுந்த தூண்டில்முள் இருக்கிறதா என்று ஒருமுறை அந்த இடத்தை நடந்து பார்த்துவிட்டு வெறுங்காலோடு நில்லுங்கள்.

ஸ்டான்ஸில், அதாவது முதலில் சொன்ன நிலையில் நின்று, ஒரே ஒரு கிராஸ். முக்கால் வேகம் போதும். கையைத் திரும்பக் கொண்டுவந்து, ஸ்டான்ஸில் ஒரு மூச்சு நின்று, பிறகு தடத்தைக் கலைக்காமல் பின்னால் எடுத்துவைத்து விலகுங்கள். குனிந்து பாருங்கள்.

பின்பாதம் இருந்த இடத்தில் முன்பகுதி மட்டும் ஆழமாகக் குழிந்து, குழியின் பின்விளிம்பில் மணல் சிறு வரப்பாக ஒதுங்கியிருந்தால் நீங்கள் உண்மையாகவே தரையைப் பின்னோக்கித் தள்ளியிருக்கிறீர்கள். குழிக்குள் விரல்கள் திரும்பிய வளைவும் தெரியும். வளைவு இருக்கிறது, குழி ஆழமில்லை, வரப்பும் இல்லை என்றால், முன்னே சொன்ன வெறும் சுழற்றல் அது. குதிகால் முழுதாகப் பதிந்து, முன்பகுதி அதே ஆழத்தில் இருந்தால் கால் வேலையே செய்யவில்லை, கை மட்டும் போயிருக்கிறது. குழியின் சுண்டுவிரல் பக்கம் ஆழமாக இருந்தால் முழங்கால் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறது. விசை அங்கேயே கசிகிறது, கணுக்கால் பிசகவும் வாய்ப்புண்டு.

முன்பாதத்தின் தடம் குதிகால் முதல் விரல்வரை ஏறத்தாழ ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும், கிராஸ் போடுவதற்கு முன் இருந்ததைவிடச் சற்று ஆழமாக. விரல்நுனிகள் நகம் குத்தியதுபோல் இறங்கி, குதிகால் மங்கலாக இருந்தால் முன்னால் விழுந்திருக்கிறீர்கள். பின்பாதத்திலிருந்து முன்னோக்கி ஒரு இழுவைக் கோடு போயிருந்தாலும் அதேதான்: எடை ஓடிப்போய்விட்டது, கால் அதைத் துரத்தியிருக்கிறது.

பத்துக் கிராஸ், பத்துத் தடம். ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் திருத்துங்கள். நண்பர் ஒருவர் இருந்தால், குத்தி முடித்த நிலையில் அப்படியே உறைந்து நில்லுங்கள். அவர் உங்கள் மணிக்கட்டைப் பிடித்து லேசாக முன்னால் இழுக்கட்டும். நின்ற இடத்திலேயே தாங்க முடிந்தால் எடை பாதங்களுக்குள் இருக்கிறது. ஓர் அடி எடுத்துவைக்க நேர்ந்தால் இல்லை.

கச்சான் காற்று வலுத்து வீசும் மாதங்களில் இன்னொரு சிக்கல். காற்றை எதிர்த்து நிற்கும் உடம்பு தன்னை அறியாமல் முன்னால் சாய்ந்துகொள்ளும், அதையே சமநிலை என்று பழகிவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் திசையை மாற்றி நின்றால் இது ஒட்டாது. விடிந்ததும் வந்துவிட்டால் காற்றும் வெயிலும் குறைவு.

மணலில் செய்யக்கூடாதது

உலர்ந்த மணலில் பாதம் புதைந்துவிடும். மேலே இடுப்பு முழு வேகத்தில் திரும்ப, கீழே பாதம் மாட்டிக்கொண்டு திரும்பாமல் நிற்க, நடுவில் முறுக்கு வாங்குவது முழங்கால். அதன் குருத்தெலும்பும் தசைநாரும் சேதமாவது இப்படித்தான். உலர்மணலை ஓடவும், அடியெடுத்து வைத்துப் பழகவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முழு விசைக் கிராஸும் ஹூக்கும் அங்கே வேண்டாம். ஈர மணலிலும் முக்கால் வேகத்துக்கு மேல் போகாதீர்கள். மணல் தடம் காட்டும் இடம். வேகத்தையும் பலத்தையும் கெட்டித் தரையில் ஷூ போட்டுப் பழகுங்கள். மணலில் கற்ற திருப்பம் கான்வாஸில் சட்டென்று வராது, அங்கே அடிப்பாகம் பிடிக்கும். பின்குதிகாலை இன்னும் கொஞ்சம் தூக்கி வைத்தால் சரியாகும்.

பேக்கில் அடிக்கும்போது

நிலையும் எடை மாற்றமும் ஓரளவு படியும்வரை, குறைந்தது முதல் இரண்டு வாரம், பேக் (தொங்கவிட்ட குத்துப்பை) பக்கம் போகாமல் காற்றிலேயே குத்திப் பழகுவது நல்லது. பிறகு போகும்போது கையைக் காக்க வேண்டும். எடை பின்னால் சேரச் சேர, அதை வாங்குவது உங்கள் கை எலும்பும்தான். நாலரை மீட்டர் பேண்டேஜை மணிக்கட்டிலும் முட்டியிலும் சுற்றி, 12 முதல் 16 அவுன்ஸ் கிளவுஸ் போடுங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முட்டியும் படும்படி அடியுங்கள். மணிக்கட்டு முன்கையோடு நேராக இருக்கட்டும். வளைத்து வீசும் அடி சுண்டுவிரல் பக்கம் பட்டால், அதற்குக் கீழே உள்ளங்கை எலும்பின் கழுத்து முறியும். குத்துச்சண்டையின் பெயரையே தாங்கிய முறிவு அது.

கடற்கரை ஊர்களில் சாக்கில் மணலை நிரப்பித் தொங்கவிடுவது சுலபமாகத் தோன்றும். செய்யாதீர்கள். மணல் நாளடைவில் அடியில் இறங்கி இறுகிக் கல்லாகிவிடும். மேலே தளர்வு, கீழே பாறை. விலா உயரத்துக்கு ஹூக் போடும்போது மணிக்கட்டு போய்விடும். தையல் கடை வெட்டுத்துணி, பழைய துணி ஆகியவற்றை இறுக்கி அடைத்து நிரப்புங்கள். கனம் போதவில்லை என்றால் சிறு பைகளில் மணலைக் கட்டி நடுவில் மட்டும் வைத்து, சுற்றிலும் துணி வருமாறு பாருங்கள். உங்கள் எடையில் பாதி இருந்தால் போதும். உப்புக் காற்றில் சங்கிலியும் கொக்கியும் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஒவ்வொரு வாரமும் அதைப் பார்த்துவிடுங்கள்.

அடி சரியாக விழுந்ததா என்று பேக்கே சொல்லும். தூரமாக ஆடிப் போனால் நீங்கள் அதைத் தள்ளியிருக்கிறீர்கள். எடை முன்னாலேயே தங்கி, கை ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. இருந்த இடத்திலேயே குலுங்கித் துள்ளினால் எடை போய்ச் சேர்ந்து, நேரத்தில் திரும்பியும் வந்திருக்கிறது. முழங்கை முழுதாக நீண்டு பூட்டுவதற்குச் சற்று முன்பே முட்டி பட வேண்டும். அந்த அளவுக்கு நெருங்கி நில்லுங்கள். பெரியவர்களுக்கான பெரும்பாலான போட்டிகளில் ஒரு சுற்று 3 நிமிடம், நடுவே 1 நிமிட ஓய்வு. முதல் மாதத்துக்கு 2 நிமிடச் சுற்று மூன்று போதும். கடைசிச் சுற்றில் பின்குதிகால் திரும்புவது நின்று கை மட்டும் போய்க்கொண்டிருந்தால், அங்கேயே நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு, பாதி வேகத்தில் பத்துக் கிராஸ் மட்டும் போட்டு அன்றைய பயிற்சியை முடித்துவிடுங்கள்.